ஹோம்கமிங் விழா முதலில் எங்கே தொடங்கியது? பெய்லர், இல்லினாய், மிசூரி: எதை நம்புவது?

ஏட்டுப்புழு (கேள்வி)

முன்னாள் மாணவர்கள் தாங்கள் படித்த இடத்துக்குத் திரும்பி வந்து கூடும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஹோம்கமிங் விழா வரலாற்றைத் தமிழில் விரிவாக எழுதத் தகவல் திரட்டி வருகிறேன். முதல் பத்தியிலேயே முட்டி நிற்கிறது. மிசூரி பல்கலைக்கழகம் 1911 என்கிறது. இல்லினாய் 1910 என்கிறது. டெக்சாஸில் இருக்கும் பெய்லர் 1909 என்கிறது. மூவருமே தாங்கள்தான் முதல் என்கிறார்கள். பொதுக் கட்டுரைகளில் பெரும்பாலும் மிசூரி பெயர்தான் வருகிறது, ஆனால் ஏன் என்று யாரும் விளக்குவதில்லை.

எனக்குத் தெரிய வேண்டியவை இவை. யாருடைய கூற்று எந்த அளவுக்கு நிற்கும்? ஊர்வலம், பான்ஃபயர் (மரக்கட்டைகளை அடுக்கி மூட்டும் பெருந்தீ), விழா ராணி தேர்வு, வீட்டு முகப்பு அலங்காரம் எல்லாம் ஒரே சமயத்தில் வந்தவையா, இல்லை ஒவ்வொன்றாகச் சேர்ந்தவையா? அலங்கார ஊர்திகளையும் முகப்புப் பலகைகளையும் எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு பகுதி எழுதவும் எண்ணம். அதில் கைவேலை அறிந்தவர்கள் உதவினால் நல்லது.

---

பழஞ்சுவடி

மூன்று கூற்றுகளும் உண்மைதான். ஒவ்வொருவரும் வேறு வேறு அளவுகோலை வைத்துக்கொண்டு பேசுகிறார்கள், சிக்கல் அங்கேதான்.

பெய்லர்: 1909 நவம்பர் 24, 25. நன்றி நவிலல் நாளை ஒட்டி முன்னாள் மாணவர்களை வேக்கோ நகருக்கு அழைத்தார்கள். ஊர்வலம், பழைய வகுப்புத் தோழர்கள் கூடும் விருந்துகள், பிற்பகலில் பருவத்தின் கடைசிக் கால்பந்து ஆட்டம் (பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து) என்று இன்று ஹோம்கமிங் என்றால் நினைவுக்கு வரும் எல்லாமே அதில் இருந்தன. எதிரணி டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம். பெய்லர் 6-3 என்று வென்றது. டெக்சாஸ் கிறிஸ்டியன் அப்போது வேக்கோவிலேயே இருந்தது, 1910-ல் தீ விபத்துக்குப் பிறகுதான் ஃபோர்ட் வொர்த்துக்குப் போனது. ஆகவே அது ஒரே ஊர்க்காரர்கள் மோதிய ஆட்டம். ஆனால் அடுத்த ஹோம்கமிங் 1915-ல்தான் நடந்தது. ஆண்டு தவறாமல் என்று பார்த்தால் 1945-லிருந்துதான் கணக்கு வரும்.

இல்லினாய்: 1910 அக்டோபர் 15-ல் சிகாகோ பல்கலைக்கழகத்துடன் ஆட்டம், இல்லினாய்க்கு 3-0 வெற்றி. யோசனை நிர்வாகத்துடையதல்ல. கிளாரன்ஸ் வில்லியம்ஸ், எல்மர் எக்பிளா என்ற இரண்டு மாணவர்களுடையது. (இந்த எக்பிளாதான் பின்னாளில் ஆர்க்டிக் ஆய்வுப் பயணம் போனவர்.) ஆண்டுதோறும் நடத்துவதற்கென்றே திட்டமிட்டார்கள். 1918 தவிர அப்படியே நடந்தும் வந்தது. "ஆண்டுதோறும் நடக்கும் ஹோம்கமிங்கில் முதல்" என்பது இல்லினாயின் கூற்று. அந்த வரையறைக்குள் அது வலுவாகவே நிற்கிறது.

மிசூரி: 1911 நவம்பர் 25, கொலம்பியா நகரின் ரோலின்ஸ் மைதானம், எதிரணி கேன்சஸ். விளையாட்டுத் துறை இயக்குநர் செஸ்டர் புரூவர் முன்னாள் மாணவர்களை வீடு திரும்புங்கள் என்று கூப்பிட்டார். 9,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஆட்டம் 3-3 என்று சமனில் முடிந்தது. காலத்தால் இது மூன்றில் பிந்தியது. ஆனாலும் பரம எதிரி அணி, முதல்முறையாக வளாகத்துக்குள் ஆட்டம், எதிர்பாராத கூட்டம் மூன்றும் சேர்ந்ததால் இந்தக் கதைதான் ஊரெங்கும் பரவியது.

இந்த மூன்றோடு நிறுத்திவிட வேண்டாம். டெக்சாஸின் ஜார்ஜ்டவுனில் உள்ள சவுத்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் 1909 ஏப்ரல் 21-லேயே சான் கேப்ரியல் பூங்காவில் முன்னாள் மாணவர்களைக் கூட்டியது. மாதக் கணக்கில் பார்த்தால் பெய்லருக்கும் முந்தியது. வடக்கு இல்லினாய் பல்கலைக்கழகம் 1906-ஐச் சொல்கிறது. கால்பந்து ஆட்டம் இல்லாத கூட்டத்தையும் ஹோம்கமிங் என்று ஏற்பீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் "முதல்" என்ற வார்த்தையைத் தொட வேண்டும்.

---

தண்டவாளம்

பழஞ்சுவடி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இவை எல்லாம் ஏன் 1906-க்கும் 1911-க்கும் நடுவில் குவிந்து கிடக்கின்றன என்பதுதான் உங்கள் கட்டுரையின் உயிர்நாடியாக இருக்க வேண்டும். யார் முதல் என்பதைவிட இது பெரிய கேள்வி.

முன்னாள் மாணவர் சங்கம் அதற்குள் பழைய விஷயம். மாசசூசெட்ஸின் வில்லியம்ஸ் கல்லூரியில் 1821-லேயே இருந்தது. ஆனால் முன்னாள் மாணவர்கள் திரும்பி வருவது கோடையில், பட்டமளிப்பை ஒட்டி, படித்து முடித்த ஆண்டு வாரியாக. கிழக்குக் கடற்கரையின் பழைய கல்லூரிகள் பல இன்றும் அதைத்தான் பெரிதாகக் கொண்டாடுகின்றன. பிரின்ஸ்டனின் ஊர்வலம் கோடைக் கூடலுக்கு உரியது, ஹோம்கமிங்குக்கு அல்ல. இந்த இரண்டையும் குழப்பினால் மொத்தக் காலவரிசையும் கலைந்துவிடும்.

நடுமேற்கிலும் டெக்சாஸிலும் நிலைமை வேறு. நடுமேற்கில் பெரும்பாலும் அரசுப் பல்கலைக்கழகங்கள். மாணவர் எண்ணிக்கை வேகமாகக் கூடுகிறது. படித்தவர்கள் மாநிலம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறார்கள், ஆனால் ஒரு நாள் ரயில் பயணத் தொலைவுக்குள்தான். எந்த ஆண்டில் படித்தவரும் வரலாம், வந்தவுடன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு காட்சி இருக்கும் என்ற ஏற்பாட்டுக்கு இலையுதிர்காலக் கால்பந்து ஆட்டம் கச்சிதமாகப் பொருந்தியது.

மிசூரியைப் பொறுத்தவரை உடனடிக் காரணம் ஒரு விதிமுறை. மிசூரி-கேன்சஸ் ஆட்டம் 1891-லிருந்து கேன்சஸ் சிட்டியில், இருவருக்கும் பொதுவான இடத்தில் நடந்து வந்தது. பெரிய நகரம், கூட்டத்துக்குக் குறைவில்லை. பிறகு அவர்கள் இருந்த போட்டிக் கூட்டமைப்பு, ஆட்டங்கள் கல்லூரி வளாகங்களில்தான் நடக்க வேண்டும் என்று விதித்தது. கொலம்பியா சின்ன ஊர். அங்கே கூட்டம் சேருமா என்பது உண்மையான கவலை. முன்னாள் மாணவர்களைக் கூப்பிட்டது பாசத்துக்காக மட்டும் அல்ல. காலி இருக்கைகளை நிரப்ப வேண்டிய நெருக்கடியும் இருந்தது. இதை எழுதாமல் விட்டால் 1911 ஏன் 1911-ல் நடந்தது என்பது புரியவே புரியாது.

இன்னொரு கண்ணி அரங்கம். 1920-களில் பெரிய கான்கிரீட் அரங்கங்கள் எழும்பியபோது, கட்ட நன்கொடை கொடுத்தவர்களை வரவழைத்துக் காட்ட ஹோம்கமிங்தான் நாள். இல்லினாயின் மெமோரியல் ஸ்டேடியம் 1924 அக்டோபர் 18-ல் மிச்சிகனுடன் நடந்த ஹோம்கமிங் ஆட்டத்தன்று முறைப்படி அர்ப்பணிக்கப்பட்டது. இல்லினாய் வீரர் ரெட் கிரேஞ்ச் முதல் 12 நிமிடங்களில் நான்கு டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) போட்டது அந்த ஆட்டத்தில்தான். முடிவு 39-14.

---

ஏட்டுப்புழு

மிக்க நன்றி. விதிமுறைக் காரணம் எனக்குப் புதிது. இரண்டு துணைக் கேள்விகள். 1911 ஆட்டத்தைக் கேன்சஸில் உட்கார்ந்தே ஆயிரம் பேர் "பார்த்தார்கள்" என்று ஓரிடத்தில் படித்தேன். வானொலிகூட வராத காலம், எப்படி? அடுத்து, 3-0, 3-3, 6-3 என்று ஆட்டப் புள்ளிகள் இவ்வளவு குறைவாக இருக்கின்றனவே, அச்சுப்பிழையா?

---

பழஞ்சுவடி

கேன்சஸ் பல்கலைக்கழகம் இருக்கும் லாரன்ஸ் நகரில் அப்படி நடந்தது உண்மை. கொலம்பியாவிலிருந்து நேராக ஒரு வெஸ்டர்ன் யூனியன் தந்திக் கம்பி போட்டார்கள். 1,000 பேருக்கு மேல் கூடிய இடத்தில் மைதானத்தின் பெரிய மாதிரி ஒன்று. தந்தியில் செய்தி வர வர, முந்தைய நகர்வில் என்ன நடந்தது என்று ஒருவர் உரக்கச் சொல்வார், மாதிரி மைதானத்தில் பந்தின் இடத்தை மாற்றிக் காட்டுவார்கள். கூட்டம் நேரில் பார்ப்பதுபோலவே கூவியது. கேன்சஸின் புகழ்பெற்ற "ராக் சாக், ஜேஹாக்" கோஷமும் எழுந்தது. மிசூரியில் ஹோம்கமிங் தொடங்கிய அதே நாளில், வர முடியாதவர்கள் தொலைவிலிருந்தே ஆட்டத்தைப் பின்தொடர்வதும் நடந்திருக்கிறது. கட்டுரையில் இதற்குத் தாராளமாக இடம் கொடுங்கள்.

புள்ளிகள் அச்சுப்பிழை அல்ல. விதிகள் வேறு. ஃபீல்ட் கோலுக்கு (பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது) 1904-லிருந்து 4 புள்ளி, 1909-லிருந்து 3. டச்டவுனுக்கு 1912 வரை 5 தான், பிறகுதான் 6. ஆகவே 1910-ன் 3-0 என்பது ஒரே ஒரு ஃபீல்ட் கோல். 1911-ன் 3-3 என்பது ஆளுக்கு ஒன்று. பெய்லரின் 6-3-ல் மட்டும் கவனம். 6 என்பது டச்டவுன் 5, அதற்குப் பின் உதை 1 ஆக இருக்கலாம். இரண்டு ஃபீல்ட் கோலாகவும் இருக்கலாம். எண்ணை மட்டும் வைத்து ஊகித்து எழுதாதீர்கள், ஆட்ட வர்ணனை கிடைத்தால் பார்த்து எழுதுங்கள்.

மைதான நீளமும் அப்படியே. 1912 வரை 110 கெஜம். பழைய செய்தித்தாளில் "55 கெஜக் கோடு" என்று வந்தால் திருத்திவிடாதீர்கள், அதுதான் அன்றைய நடுக்கோடு. மறுபக்கம், 1910 ஆட்டத்தை விவரிக்கும் ஒரு கட்டுரையில் டச்டவுனுக்கு 6 புள்ளி என்று இருந்தால், அதை எழுதியவர் பின்னாளில் நினைவிலிருந்து எழுதியிருக்கிறார் என்று பொருள். அவருடைய மற்றத் தகவல்களையும் சரிபார்க்க வேண்டும்.

---

பசைக்கை

அலங்காரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓக்லஹோமா ஸ்டேட்டிலும் மிசூரியிலும் மாணவர் சங்கங்கள் (ஃப்ரட்டர்னிட்டி, சொராரிட்டி) குடியிருக்கும் வீடுகளின் முன் எழும் பிரம்மாண்டமான முகப்புகளுக்குப் "பாம்பிங்" என்று ஒரு வேலை இருக்கிறது. கோழிக் கம்பிவலையின் ஒவ்வொரு துளையிலும் ஒரு டிஷ்யூ தாளைத் திணிப்பது. தூரத்தில் நின்று பார்த்தால் கம்பளம் விரித்ததுபோல இருக்கும். கிட்டப் போனால்தான் ஒவ்வொரு துளையிலும் முறுக்கிய தாள் தெரியும்.

முறை: 1 அங்குலத்துக்கு 2 அங்குல மரச் சட்டம் அடித்து, 1 அங்குல அறுகோணக் கம்பிவலையை இழுத்துக் கட்டி, சட்டத்தைச் சுற்றி நெருக்கமாக ஸ்டேப்பிள் அடிப்பார்கள். வலை தொய்ந்தால் துளைகள் கோணலாகும், தாள் பிடிக்காது. பெரும்பாலான பலகைகள் சொதப்புவது இந்த இழுவையில்தான். பிறகு படத்தைப் புரொஜெக்டரில் பலகை மேல் விழவைத்து, நிறப் பகுதிகளின் எல்லையை வலையின் கம்பி மேலேயே ஸ்ப்ரே பெயின்ட்டால் குறித்துக்கொள்வார்கள். தாள் 5 அல்லது 6 அங்குலச் சதுரம். நடுவை விரல் நுனியிலோ பென்சில் முனையிலோ வைத்து முறுக்கி, அடிமுனையை வெள்ளைப் பசையில் தொட்டுத் துளையில் செருக வேண்டும். பசை அதிகமானால் தாள் ஊறி நிறம் கசியும், குறைந்தால் முதல் காற்றிலேயே உதிரும்.

அளவு கணக்குப் போடாமல் ஆரம்பிப்பவர்கள் கடைசி வாரத்தில் தாள் இல்லாமல் தவிப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் 1 அங்குலம் உள்ள அறுகோணத்தின் பரப்பு 0.87 சதுர அங்குலம். அதாவது ஒரு சதுர அடிக்குச் சுமார் 165 துளை. 8 அடிக்கு 4 அடிப் பலகை என்றால் சுமார் 5,300 தாள். ஒருவர் மணிக்கு 200 துளை அடைத்தால் அந்த ஒரு பலகைக்கே 26 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 2 அங்குல வலை வாங்கினால் சதுர அடிக்குச் சுமார் 40 துளைதான், வேலை கால்வாசி. ஆனால் எழுத்தும் முகமும் சிதைந்து தெரியும். வானம், புல் மாதிரி ஒரே நிறப் பரப்புக்கு மட்டும் 2 அங்குலம், நுணுக்கமான இடத்துக்கு 1 அங்குலம் என்று பிரித்துக்கொள்வதே என் பரிந்துரை.

எதிரி மழை. சிவப்பும் கறுப்பும் முதலில் கசியும். வெள்ளைக்குப் பக்கத்தில் சிவப்பு இருந்தால் ஒரு தூறல் போதும், எல்லாம் இளஞ்சிவப்பு. நட்ட பலகைக்கு மேலே சாய்வாகத் தார்ப்பாய் கட்டுங்கள், ஆனால் தாளைத் தொடாமல். ஒட்டிக்கொண்டால் எடுக்கும்போது தாளையும் சேர்த்து உரித்துவிடும். அடுத்த எதிரி நெருப்பு. தீத்தடுப்பு ஏற்றிய தாள் தனியாகவே விற்கிறார்கள், அதை வாங்குங்கள். சூடாகும் பல்பைப் பலகைக்குப் பின்னால் வைக்க வேண்டாம், எல்இடி போதும்.

ஓடும் ஊர்தி என்றால் இன்னும் சில. பெரும்பாலான மாநிலங்களில் சாலையில் ஊர்தியின் உயரம் 13 அடி 6 அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. ஊர்வலப் பாதையில் அதைவிடத் தாழ்ந்த மின்கம்பியோ மரக்கிளையோ இருக்கிறதா என்று கம்பு வைத்து நடந்து அளக்க வேண்டும். நிற்பவர் ஒவ்வொருவருக்கும் பிடித்துக்கொள்ளக் கம்பி வேண்டும். ஊர்வலம் நின்று நின்று நகரும், அந்தக் குலுக்கலில்தான் விழுவார்கள். ஜெனரேட்டரின் புகைவாய் அலங்காரத் துணிக்குள் அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே சேரும். ஓட்டுநர் அலங்காரத்துக்குள் மறைந்து உட்காருகிற ஊர்திகளில் இது உயிராபத்து. வெளியே நடக்கும் இரண்டு வழிகாட்டிகளும், ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு தீயணைப்பானும் இல்லாமல் ஊர்தி கிளம்பக் கூடாது.

---

தணல்

பான்ஃபயர் பகுதியை யாரும் தொடவில்லை. இரண்டு கல்லூரிகளைக் குழப்பாமல் எழுதுங்கள்.

ஹோம்கமிங்கோடு நேரடியாக இணைந்தது டார்ட்மத் கல்லூரியின் தீ. அங்கே வெற்றித் தீ 1888-லேயே ஒரு பேஸ்பால் வெற்றிக்காக மூட்டப்பட்டது. கல்லூரித் தலைவர் வில்லியம் டக்கர் 1895-ல் "டார்ட்மத் இரவு" என்ற கூடலைத் தொடங்கினார். 1904-ல் தீக்கிரையான டார்ட்மத் ஹாலை மீண்டும் கட்ட, அதே ஆண்டு டார்ட்மத் பிரபுவே இங்கிலாந்திலிருந்து வந்து அடிக்கல் நாட்டினார். கால்பந்து வார இறுதியோடு இது சேர்ந்தது பின்னால்தான், 1930-களில். அதாவது தீ தனியாக, கூடல் தனியாக, ஆட்டம் தனியாகப் பிறந்து நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் ஒன்றாகியிருக்கின்றன. ஒரே நாளில் யாரோ உட்கார்ந்து வகுத்த விழா அல்ல. உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் கிடைக்காது. 2018-ல் கல்லூரி இருக்கும் ஹானோவர் நகர நிர்வாகம் பாதுகாப்பைக் காரணம் காட்டி நெருக்கியதால் அடுக்கின் வடிவமே மாற்றப்பட்டது. முதலாண்டு மாணவர்கள் தீயைச் சுற்றி ஓடும் வழக்கமும் கட்டுப்படுத்தப்பட்டது.

டெக்சாஸ் ஏ அண்ட் எம் பான்ஃபயர் ஹோம்கமிங்குடையது அல்ல. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துடன் நடக்கும் ஆட்டத்துக்கானது. ஆனால் எல்லா வளாகங்களிலும் தீ பற்றிய விதிகள் இறுகியதை எழுத அது தவிர்க்க முடியாத பாடம். 1999 நவம்பர் 18 அதிகாலை 2:42-க்கு, சுமார் 5,000 மரக்கட்டைகள் கொண்ட 59 அடி அடுக்கு, கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்தது. 12 பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். கவனியுங்கள், தீயே மூட்டவில்லை. கட்டமைப்புதான் கொன்றது. விசாரணைக் குழு கண்டது இது: இரண்டாம் தட்டுக் கட்டைகளை முதல் தட்டின் இடுக்குகளில் ஆப்பு அடித்ததுபோல இறுக்கிச் செருகியதில், கீழ்த்தட்டை வெளியே தள்ளும் அழுத்தம் கூடியது. அதைக் கட்டிப்பிடிக்க வேண்டிய கம்பிக் கட்டு போதவில்லை. முந்தைய ஆண்டுகளில் சுற்றிய எஃகு வடங்கள் அந்த ஆண்டு இல்லை. அதன் பிறகு வளாகத்துக்குள் அந்தத் தீ மூட்டப்படவே இல்லை.

இன்று அமெரிக்காவில் பரவலாகப் பின்பற்றும் தீ விதித்தொகுப்பின்படி பான்ஃபயர் எந்தக் கட்டடத்திலிருந்தும் எரியும் பொருளிலிருந்தும் 50 அடி தள்ளி இருக்க வேண்டும், அனுமதிச் சீட்டு வேண்டும், அணையும் வரை ஆள் காவல் வேண்டும், 4-ஏ தரத் தீயணைப்பானோ மணலோ தண்ணீரோ கையருகே இருக்க வேண்டும். 50 அடி என்பது கட்டடத்துக்கு. மனிதக் கூட்டத்துக்கு அடுக்கின் உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், சரிந்தால் எவ்வளவு தூரம் விழும் என்று பார்த்து வேலி போட வேண்டும். ரசாயனம் ஏற்றிய மரம், டயர், பெயின்ட் அடித்த தளவாடம் எதையும் உள்ளே போடக் கூடாது.

---

முரசு

இதுவரை பேசியதில் ஒரு பெரிய பகுதி விடுபட்டிருக்கிறது. கறுப்பின மாணவர்களுக்காக உருவான கல்லூரிகளின் ஹோம்கமிங்கை ஒரு துணைத்தலைப்பாக அடைத்துவிடாதீர்கள். இன்று ஹோம்கமிங் அதன் முழு வீச்சில் நடப்பது அங்கேதான் என்பது என் உறுதியான கருத்து.

வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் 1924-ல் தொடங்கியது. வட கரோலினா ஏ அண்ட் டி தன் விழாவை "பூமியிலேயே பெரிய ஹோம்கமிங்" என்று அழைத்துக்கொள்கிறது. கிரீன்ஸ்பரோ நகரமே அந்த வாரம் அதைச் சுற்றித்தான் சுழலும். அட்லாண்டாவில் மோர்ஹவுஸும் ஸ்பெல்மனும் ஒரே விழாவைச் சேர்ந்து நடத்துகின்றன.

வேறுபாடு எங்கே என்றால், மற்ற இடங்களில் ஆட்டத்தின் இடைவேளையில் மக்கள் தின்பண்டம் வாங்கப் போவார்கள். இங்கே இடைவேளைக்குத்தான் உள்ளே வருவார்கள். அணிவகுப்பு இசைக்குழுவின் நிகழ்ச்சிதான் உச்சம். முழங்கால் உயர்த்தி நடக்கும் நடை, நடனம், ஊதுகருவிகளின் முழக்கம் எல்லாம் சில நிமிடங்களுக்குள் கச்சிதமாக முடிய வேண்டும். இசைக்குழு நேரத்தை மீறினால் சொந்த அணிக்கே தண்டனை விழலாம் என்பதால் நுழைவதற்கும் வெளியேறுவதற்கும் சேர்த்து நொடிக் கணக்கில் ஒத்திகை பார்ப்பார்கள். அடுத்தது கறுப்பின மாணவர் சங்கங்களின் ஸ்டெப் ஆட்டம். காலும் கையும்தான் தாளக் கருவி. அந்தச் சங்கங்களின் கூட்டமைப்பு 1930-ல் ஹோவர்டில்தான் உருவானது.

இனப் பாகுபாட்டுச் சட்டங்கள் இருந்த காலத்தில் திரும்பி வரும் முன்னாள் மாணவருக்கு ஊரில் எந்த விடுதியிலும் அறை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. வளாகம் அவர்களுக்குப் பாதுகாப்பான இடம். விழாவின் நெருக்கமும், குடும்பத்தோடு வரும் வழக்கமும் அந்தச் சூழலில் வேர் விட்டவை.

ராணி தேர்வையும் இங்கிருந்து பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். 1966-ல் ஹோவர்டில் ராபின் கிரெகரி முடியை நேராக்காமல் இயல்பான ஆஃப்ரோவோடு போட்டியிட்டு ஹோம்கமிங் ராணியானார். அழகுப் போட்டியாக இருந்த ஒன்று அரசியல் அறிவிப்பாக மாறிய தருணம் அது. அடுத்த சில ஆண்டுகளில் ஹோவர்டில் வெடித்த மாணவர் போராட்டங்களை எழுதுபவர்கள் இந்தத் தேர்தலிலிருந்தே தொடங்குவதுண்டு. 2010-களில் பல பல்கலைக்கழகங்கள் ராஜா, ராணி என்ற பிரிவை விட்டுப் பொதுவான பட்டத்துக்கு மாறியதையும் இதே வரிசையில் வைத்துப் பேசலாம்.

---

வழிப்போக்கன்_7

சின்னச் சின்ன உள்ளூர் வழக்கங்கள் இரண்டு. விஸ்கான்சினில் சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் ஆட்டத்துக்கு முன் மைதானத்துக்குள் ஓடி, கைத்தடியைக் கோல் கம்பத்துக்கு மேலே எறிந்து மறுபக்கம் பிடிப்பார்கள். பிடித்தவர் முதல் வழக்கில் ஜெயிப்பார் என்பது நம்பிக்கை. அயோவாவில் பொறியியல் மாணவர்கள் வளாக நடுவே சோளக்கதிர்களால் ஒரு நினைவுச்சின்னம் எழுப்பும் பழக்கம் இருந்தது. இப்படிப்பட்டவைதான் ஒரு கல்லூரியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும். எல்லா இடத்திலும் இருக்கிற ஊர்வலத்தைவிட இவற்றுக்கு இடம் கொடுங்கள்.

---

ஏட்டுப்புழு

எல்லோருக்கும் நன்றி. முதல் பத்தியை இப்படி எழுதலாமா: "கூடலும் ஊர்வலமும் கால்பந்தும் சேர்ந்த விழாவாகப் பெய்லர் 1909-ல் நடத்தியது. ஆண்டுதோறும் நடக்கும் மரபாக இல்லினாய் 1910-ல் நிறுவியது. எதிரணி ஆட்டத்தைச் சொந்த வளாகத்துக்குக் கொண்டுவந்து, பெருங்கூட்டத்தால் நாடறியச் செய்தது மிசூரி, 1911-ல்." இடையில் நின்றுபோன ஆண்டுகளை எப்படிக் காட்டுவது என்றும் சொல்லுங்கள். "நூறாவது" என்று எழுதும்போது தடுமாறுகிறது.

---

பழஞ்சுவடி

பத்தி சரியாக இருக்கிறது. சவுத்வெஸ்டர்னின் 1909 ஏப்ரலுக்கு ஒரு வாக்கியம் சேருங்கள், இல்லையென்றால் ஜார்ஜ்டவுன்காரர்களிடமிருந்து கடிதம் வரும். அவர்கள் கேட்பதில் நியாயமும் இருக்கிறது.

எண்ணிக்கையில் ஆண்டையும் விழாவையும் தனித்தனியாக வையுங்கள். இல்லினாய் 1910-ல் தொடங்கியது. இடைவெளியே இல்லாமல் இருந்திருந்தால் 2009-ல் நடந்தது நூறாவது விழா. 1918 விடுபட்டதால் 2010-ல் நடந்ததுதான் நூறாவது. தற்செயலாக நூறாண்டு நிறைவும் அதே ஆண்டு வந்துவிடுகிறது. பெய்லருக்கு இப்படிப் பொருந்தாது. 2009-ல் நூறாண்டு நிறைவைக் கொண்டாடினார்கள். ஆனால் நடுவில் விடுபட்ட ஆண்டுகள் பல என்பதால் அது நூறாவது விழா அல்ல. "100 ஆண்டு" என்றும் "100-வது" என்றும் மாற்றி மாற்றி எழுதும் செய்தித்தாள்களை நம்ப வேண்டாம்.

2020-ல் பல பல்கலைக்கழகங்கள் கொரோனாவால் ஊர்வலத்தை விட்டுவிட்டு இணையத்தில் மட்டும் நடத்தின, சில முழுதாகவே ரத்து செய்தன. அதை ஒரு விழாவாக எண்ணுகிறார்களா என்பது இடத்துக்கு இடம் மாறும். அதனால் எந்தக் கல்லூரியைப் பற்றி எழுதினாலும் 1918, 1943-44, 2020 ஆகிய ஆண்டுகளின் மாணவர் பத்திரிகையையும் ஆண்டு மலரையும் அக்டோபர், நவம்பர் இதழ்களில் தேடிப் பாருங்கள். ஆட்டம் நடந்திருந்தும் ஹோம்கமிங் அறிவிக்கப்படாத ஆண்டுகள் இருக்கும், ஆகவே ஆட்ட அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு எண்ணக் கூடாது.